எம்டி காதல் நாவல் பாதியில் அலுத்துப்போவது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. சிங்கப்பூரில் நடக்கும் தமிழ் ரொமான்ஸ் நாவல். ராஃபிள்ஸ் பிளேஸில் கம்பெனி நடத்தும் எம்டி, திருச்சியிலிருந்து "வேலை பெர்மிட்டில்" வந்து அவனுக்குப் பிஏவாகச் சேரும் பெண். ஐந்நூறு பக்கம், படுக்கையறைக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் சென்டோசா பங்களா, பாலித் தீவு, மறுபடி பங்களா என்று போகிறது. அங்கேதான் அலுத்துவிட்டது. வாசிப்புக் குழுவில் சொன்னால், "உங்களுக்குக் கூச்சம், இந்த மாதிரிக் கதையே உங்களுக்கு ஆகாது" என்கிறார்கள். குறை என் ரசனையிலா, நாவலிலா? அடுத்த கூட்டத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், என்ன சொல்வது?

குறை நாவலில்தான். கூச்சம் உள்ளவர் முதல் முத்தத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பார். நீங்கள் இருநூற்றைம்பது பக்கம் தாண்டி வந்திருக்கிறீர்கள். அலுப்புத் தட்டிய இடத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: கதை ஆபீஸை விட்டுப் போன இடம்.

அலுவலகக் காதல் கதையில் சூடு உடம்பிலிருந்து வருவதில்லை. தொட்டால் என்ன போகும் என்ற கணக்கிலிருந்து வருகிறது. இதே இரண்டு பேரும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்திருந்தால் பத்துப் பக்கத்தில் ஜாதகம் பார்த்து முடித்திருப்பார்கள். ஆபீஸில் சந்திப்பதால் ஒருவருடைய சம்பளம், போனஸ், பெயர், ஏன், நாட்டில் தங்கும் உரிமைகூட இன்னொருவர் கையெழுத்தில் தொங்குகிறது. நம் அகப்பாட்டுக்கு இது பழைய சமாச்சாரம். களவுக்காலம், அதாவது ஊருக்குத் தெரியாமல் காதலிக்கும் காலம், சுவையாக இருப்பதற்குக் காரணம் வீட்டுக் காவலும் ஊர்வாயும்தான். குறளில் ஊர் பேசும் பேச்சுக்கென்றே 115ஆம் அதிகாரம் இருக்கிறது, அலர் அறிவுறுத்தல். இன்றைக்கு அந்த வேலையை ஆபீஸ் வாட்ஸ்அப் குழு செய்கிறது. காவலையும் அலரையும் எடுத்துவிட்டு வெறும் கூடலை மட்டும் வைத்தால் எந்த ஜோடியும் நூறு பக்கம் தாங்காது.

எனவே முதலில் அந்தப் பெண்ணின் பாஸை, அதாவது வேலை அனுமதிச் சீட்டைப் பாருங்கள், நாவலின் முதல் ஓட்டை அங்கேதான். இந்தியாவிலிருந்து வரும் பெண் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆபீஸில் பிஏ வேலைக்கு வேலை பெர்மிட்டில் வர முடியாது. மலேசியர் என்றால் முடியும். இந்தியர் என்றால் சேவைத் துறையில் சமையல்காரர் போன்ற சில வேலைகளுக்குத்தான் பெர்மிட். பிஏ என்றால் நடுத்தர வேலைகளுக்கான எஸ் பாஸ் அல்லது அதற்கு மேல்நிலையில் உள்ள எம்ப்ளாய்மென்ட் பாஸ் (ஈபி). எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தது 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் வேண்டும். ஈபிக்கு 2025 ஜனவரியிலிருந்து 5,600, நிதித் துறையில் 6,200, வயது ஏற ஏற அதற்கும் மேல். "ரொமான்ஸ் படிக்கிற இடத்தில் மனிதவள அமைச்சின் கணக்கு எதற்கு?" என்று குழுவில் ஒருவர் கேட்பார். கதாநாயகி எதை இழக்கக்கூடும் என்பதை அந்தப் பாஸ்தான் சொல்கிறது, அதற்காக. மாதம் எண்ணூறு வெள்ளி வாடகை அறையில் இருந்துகொண்டு வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கு, எம்டியின் கோபம் காதலன் கோபம் மட்டுமல்ல.

அந்த ராஜினாமாக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை நாவல் எல்லாவற்றிலும் அது உண்டு. கடிதத்தை அவன் முகத்தில் வீசிவிட்டு அன்றிரவே திருச்சி விமானம் ஏறுகிறாள். உண்மையில் என்ன நடக்கும்? ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் வேலைச் சட்டப்படி, இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் வேலை பார்த்தவருக்கு இரண்டு வாரம். வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டால் கம்பெனி வருமான வரி ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்ப வேண்டும், வரிக் கணக்கு தீரும்வரை அவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். பாஸை ரத்து செய்த பிறகு பொதுவாக 30 நாள் தங்கலாம். அதற்குள் வேறு கம்பெனி அவளுக்காகப் புது விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசிச் சம்பளம் கைக்கு வரவில்லை, நாள் குறைந்துகொண்டே போகிறது, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அவன்! அவன் அறைக்குள் அவள் இன்னும் இரண்டு முறையாவது போக வேண்டியிருக்கும். விமானத்தில் ஏற்றி அனுப்பியதோடு அந்தக் காட்சிகள் எல்லாவற்றையும் ஆசிரியர் கைகழுவிவிட்டார்.

பெர்மிட்தான் வேண்டும் என்றால் அதற்கும் இங்கே கதை உண்டு. வேலை பெர்மிட்டில் இருப்பவர், முன்பு இருந்தவர்கூட, சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி பெற வேண்டும். எஸ் பாஸ், ஈபி வைத்திருப்பவருக்கு இந்த நிபந்தனை இல்லை. துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பவனும் அங்கேயே பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் சிங்கப்பூர்ப் பெண்ணும் என்று வைத்துப் பாருங்கள். வில்லன், மாமியார், போலி டிஎன்ஏ ரிப்போர்ட் எதுவும் தேவைப்படாது. ஆனால் விற்பது என்னவோ பங்களா எம்டிதான்.

பங்களாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊரில் காதலிப்பவர்களின் முதல் தலைவலி இடம். முப்பத்தைந்து வயதுக்குள் திருமணமாகாதவர் தனியாக வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, வாங்க முடியாது. அதனால் நல்ல சம்பளம் வாங்கும் ஆளும் ஈசூனில் அம்மா அப்பாவோடுதான் இருப்பான். அவள் வாடகைக்கு இருக்கும் உட்லண்ட்ஸ் வீட்டு ஆன்ட்டி, "ஆள் யாரையும் கூட்டிட்டு வரக்கூடாது, சமையல் லைட்டா செஞ்சுக்கோ" என்று முதல் நாளே சொல்லியிருப்பார். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, மரினா பேரேஜ் புல்வெளி, கடைசி எம்ஆர்டி, மாடிப்படி வளைவு என்று ஒளிந்து ஒளிந்து பார்க்க வேண்டிய ஜோடிக்கு, ஆசிரியர் ஒரே அத்தியாயத்தில் சென்டோசா பங்களாவின் சாவியைக் கொடுத்துவிடுகிறார். ஏக்கம் அன்றோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியும் வசதியான வீட்டில் வசதியான இரண்டு பேர்.

அடுத்தது சம்மதம். குழுவில் காரசாரமாகப் பேச்சு வரப்போவது இதில்தான். ரிப்போர்ட்டில் தப்பு செய்ததற்குத் "தண்டனையாக" அவளை இழுத்து முத்தமிடும் காட்சி இந்த வகையில் ஏறக்குறைய கட்டாயப் பாடம். ஆன்டி ஹீரோ ரசிகர்கள் அதை வெறித்தனமான காதல் என்பார்கள். சிங்கப்பூரில் அது தண்டனைச் சட்டம் 354இன் கீழ் மானபங்கம், மூன்று ஆண்டுவரை சிறை, அபராதம், பிரம்படியும் உண்டு. தொடாமல் வார்த்தையால், மெசேஜால் தொல்லை கொடுத்தால் அதற்குத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அலுவலகத்துக்கும் சேர்த்து. கதையில் யாருமே தப்பு செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்யும் நாயகனை வைத்து நல்ல நாவல் எழுதலாம். ஆனால் இங்கே வாழும் வாசகர் மனதில் அந்த இடத்தில் "போலீஸ் ரிப்போர்ட்" என்ற எண்ணம் ஓடுகிறது. கதாநாயகி மனதில் அப்படி ஒரு எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அவள் மனுஷியாகத் தெரிவதில்லை, ஆசிரியர் நகர்த்தும் காய் ஆகிவிடுகிறாள்.

இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும். வெள்ளிக்கிழமை இரவு அவள் வேண்டாம் என்று சொன்னால், திங்கட்கிழமை காலை அவளுக்கு என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்று நாவல் காட்டிவிட்டால், அதன்பின் அவள் சொல்லும் சரிக்கு மதிப்பு வருகிறது. அதற்கு ஒரு காட்சி வேண்டும்: அவள் மறுக்கிறாள், அவன் நிறுத்துகிறான், மறுவாரம் அவளுடைய வேலை அப்படியே இருக்கிறது, முக்கியமான கிளையன்ட் மீட்டிங்கில் அவள் பெயரும் இருக்கிறது. மூன்று பக்கத்தில் முடியும் காட்சிதான். அது வந்த பிறகு அவன் விரல் அவள் விரலில் பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, ஆபீஸில் காதலிப்பதை இங்கே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெரும்பாலான பெரிய கம்பெனிகளின் நடத்தை விதி கேட்பது அறிவிப்பு: ஒருவர் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்தால் எச்ஆரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ரிப்போர்ட்டிங் மாறும், ஒருவர் வேறு டீமுக்குப் போவார். அவளுடைய அப்ரைசல், போனஸ், கிளெய்ம் எதிலும் அவன் கையெழுத்து இருக்காது. கதை எழுதுபவருக்கு இந்த அறிவிப்பு பெரிய ஆயுதம். முதல் இரவுக்கு முன்னால் சொன்னால் அது பொறுமையின் கதை. மறுநாள் சொன்னால், அவனுக்கு முன்னால் அவளே போய்ச் சொல்லிவிட்டாள் என்றால், அது நம்பிக்கையின் கதை. மறைத்துவைத்து, டிசம்பர் அப்ரைசலில் "மிகச் சிறப்பு" என்று அவன் போட்ட குறியால் மாட்டிக்கொண்டால், அந்த மதிப்பெண் அவள் உழைப்புக்கா உறவுக்கா என்று அவளுக்கே தெரியாமல் போகும் கதை. மூன்றாவதை எழுதத் துணிச்சல் வேண்டும். உங்கள் நாவலில் மூன்றில் ஒன்றும் இல்லை. எச்ஆர் மேனேஜர் வருகிறார், பொறாமைக்கார வில்லியாக.

சரி, சூடான காட்சியே எப்படி இருந்திருக்கலாம்? நாவலில் வருவது போன்ற வரிகள்: அவன் வேகமாக இழுத்து அணைத்தான், அவள் தேகத்தில் மின்சாரம் பாய்ந்தது, செவ்விதழ்கள் துடித்தன. இந்த வரிகளை எந்த ஊர் ஆபீஸிலும், எந்த ஜோடிக்கும் ஒட்டலாம். இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பல கட்டடங்களில் மாலை ஆறு ஏழு மணிக்கு மத்திய ஏசி நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும். விளக்குகள் அசைவைப் பார்த்து எரிபவை, ஆள் அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். காலாண்டுக் கணக்கு முடிக்கும் இரவு. இப்படி எழுதலாம்:

"ஏழு மணிக்கு ஏசி நின்றது. எட்டரைக்குள் அறை புழுங்கியது. அவள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்ததில் விளக்கு அணைந்தது. ஒருவர் கையை அசைத்தால் போதும், எரிந்துவிடும். இருவருமே அசைக்கவில்லை."

யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள், அதுவும் சமமாக. அடுத்த வரியில் துப்புரவு அக்கா தள்ளுவண்டியோடு கதவைத் திறக்கிறார், விளக்கு எரிகிறது. ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருபவர், "என்னம்மா, இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்று தமிழில் கேட்கிறார். அதுவரை ஆபீஸில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அக்கா எத்தனை நாளாக எதையெல்லாம் கேட்டிருப்பார்? அலர் அங்கே தொடங்குகிறது.

லிஃப்ட் நின்றுபோய் இருவரும் மாட்டிக்கொள்ளும் காட்சியையும் இதே கண்ணோடு பாருங்கள். இங்கே ஆபீஸ் லிஃப்டில் கேமரா இருக்கும், பேசும் பொத்தானுக்கு மறுமுனையில் ஆள் இருக்கும். அந்தக் காட்சியில் முத்தம் வைத்தால் மறுநாள் செக்யூரிட்டி அங்கிளின் முகமும் வர வேண்டும். ராஃபிள்ஸ் பிளேஸ் ஆபீஸ் முழுக்கத் தமிழர்களாகவே இருப்பதும் நம்பும்படி இல்லை, இந்த ஊர்வாசிகளில் இந்தியர் மொத்தமே நூற்றுக்கு ஒன்பது பேர். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெண், எதிரில் ஒரு மலாய் இளைஞர், அவர்களுக்குப் புரியாத மொழியில் நடக்கும் ஊடல் என்று எவ்வளவோ கிடைத்திருக்கும். எம்டியை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரில் இவள் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை "சார்" போடுவது சென்னை வாடை.

பாதிக்கு மேல் ஏன் இழுக்கிறது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. இப்படிப்பட்ட நாவல்கள் பல, முதலில் இணையத்தில் எபி எபியாக, அதாவது அத்தியாயம் அத்தியாயமாக வந்தவை. ஒவ்வொரு எபியும் ஆயிரத்துச் சொச்சம் வார்த்தை, முடிவில் ஒரு திடுக், அடுத்ததன் தொடக்கத்தில் பழையதை நினைவூட்டும் பத்தி. யூடிக்காக, அதாவது அடுத்த பதிவுக்காக, ஒரு வாரம் காத்திருப்பவருக்கு அது வேண்டும். புத்தகமாகச் சேர்த்துப் படிப்பவருக்கு அறுபது முறை அதே நினைவூட்டல். பிறகு கிண்டில். தமிழ் அதில் 2016 டிசம்பரில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையிலிருந்தே அதன் சந்தாத் திட்டம் படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கிறது. பக்கம் கூடினால் வருமானம் கூடும். அதனால் ஐந்து நிமிடம் பேசினால் தீரும் சந்தேகம் எண்பது பக்கம் ஓடுகிறது. இதில் எழுத்தாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இலவசமாக எழுதச் சொல்லிவிட்டு "யூடி எப்போ?" என்று விரட்டும் வாசகர் கூட்டமும் நாம்தான்.

கதை தொய்யும் இடத்தைக் கண்டுபிடிக்க வழி: ஒவ்வொரு படுக்கையறைக் காட்சியையும் மனதுக்குள் நீக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தக் காட்சி அங்கே இருக்க வேண்டியதில்லை. நல்ல காட்சி முடியும்போது ஏதாவது மாறியிருக்கும்: ஒரு ரகசியம் வாயிலிருந்து வந்திருக்கும், ஒருவர் பயந்திருப்பார், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது இடம் மாறியிருக்கும். உங்கள் நாவலில் முதல் இரண்டு காட்சிகள் இந்தச் சோதனையில் தேறும் என்று நினைக்கிறேன், அவை இன்னும் ஆபீஸ் கதையாக இருக்கும்போது வருபவை. பாலிக் காட்சிகள் எல்லாம் ஒரே வரிசை: மழை, மெழுகுவத்தி, வெட்கம், விடியல்.

இனி கூட்டத்தில் பேசுவது. தொடக்கத்திலேயே சூட்டின் அளவைச் சொல்லிவிடுங்கள், படுக்கையறைக் கதவு மூடும் ரகமா, திறந்தே இருக்கும் ரகமா என்று. இது கண்டனம் அல்ல, படிக்கப்போகிறவருக்கு வேண்டிய தகவல். கூச்சக் குற்றச்சாட்டும் அதோடு அடங்கிவிடும், ஏனென்றால் அதை நீங்கள் முகம் சுளிக்காமல் சொல்லியிருப்பீர்கள். அடுத்து கட்டாய முத்தம் எந்த அத்தியாயத்தில் என்று எண்ணைச் சொல்லுங்கள், அப்படிப்பட்டதைப் படிக்க முடியாதவர்கள் குழுவில் இருக்கலாம். பிடித்ததை ஒன்று உண்மையாகச் சொல்லுங்கள். கதாநாயகி முதல் சம்பளத்தில் தேக்காவில் (லிட்டில் இந்தியா) அம்மாவுக்குப் புடவை எடுக்கும் இடம் போல ஏதாவது இருக்கும். பிறகு அலுப்பைச் சொல்லும்போது "போர்" என்று நிறுத்தாமல் பக்க எண்ணோடு சொல்லுங்கள்: இந்தப் பக்கத்துக்குப் பிறகு அவர்கள் ஆபீஸுக்குப் போகவில்லை, அவளுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை. முடிவைச் சொல்லிவிட வேண்டாம். ரொமான்ஸில் இருவரும் சேர்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எப்படி என்பதைக் காசு கொடுத்து வாங்கியவர் தானே தெரிந்துகொள்ளட்டும். "இதையெல்லாம் யார் படிப்பார்கள்" என்ற தொனி மட்டும் வேண்டாம். படிக்கிறவர்கள் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. முதல் பாதிக்கு இரண்டு, புடவைக்கு அரை. எம்டியின் நண்பனை வைத்து இரண்டாம் பாகம் வரும், இந்த வகையில் எப்போதும் வரும். வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். அதற்குள் யார் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் வாங்கலாம். கார், கைக்கடிகாரம், பங்களா மூன்றின் விலையும் அதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் நூலகத்தில் வரும்வரை காத்திருங்கள்.